விமானத்தில் ஏறுமுன் செல்போனைக் கவனியுங்கள்!

ஒரு காலத்தில் வீட்டில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் வேன் பிடித்துக்கொண்டு சொந்த பந்தமெல்லாம் மீனம்பாக்கத்துக்கு வழியனுப்பப் போகும். இப்போது அப்படியா? மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் அம்மாக்கள், கணவர் வேலை பார்க்கும் துபாய்க்குக் கைக்குழந்தையோடு தனியாகப் புறப்படும் இளம் பெண்கள், பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போய்வரும் பாட்டிகள் என்று நம் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஊறுகாயை எப்படிக் கட்டுவது, பருப்புப் பொடியை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் கையிலேயே வைத்திருக்கிறோமே செல்போன், பவர் பேங்க், குழந்தையின் டேப்லெட், அவற்றைப் பற்றி மட்டும் யோசிப்பதே இல்லை!

"செல்போனை அணைக்காவிட்டால் ப்ளேன் கீழே விழுந்துடுமாமே?" என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். "அதெல்லாம் சும்மா மிரட்டல். நான் அணைச்சதே இல்லை, என்ன ஆச்சு?" என்று பெருமையடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. உண்மை நடுவில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பயமும் வேண்டாம், அலட்சியமும் வராது.

டிரான்சிஸ்டரில் தொடங்கிய கதை

இந்தக் கட்டுப்பாடு செல்போனுக்காக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதுதான் இல்லை! செல்போன் பிறப்பதற்கு வெகு முன்பே, 1961-ல் அமெரிக்காவில் முதல் தடை வந்துவிட்டது. அது கைக்கடக்கமான எஃப்.எம். ரேடியோவுக்கு வந்த தடை.

ரேடியோ பாட்டைக் கேட்கத்தானே செய்கிறது, அதனால் என்ன தொல்லை என்கிறீர்களா? நம் காதுக்குப் பாட்டைக் கொண்டுவர ரேடியோப் பெட்டி தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்குகிறது. அதில் கொஞ்சம் வெளியே கசியும். எஃப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகின்றன. பெட்டிக்குள் உண்டாகும் அலை, கேட்கும் நிலையத்தை விட 10.7 மெகாஹெர்ட்ஸ் அதிகமாக இருப்பது வழக்கம். கூட்டிப் பாருங்கள், 118 வரை போகிறது. விமானம் வழி தெரிந்துகொள்ளும் ரேடியோ சமிக்ஞைகள் 108 முதல் 118 வரைக்குள்தான் இருக்கின்றன! அதனால்தான் தடை போட்டார்கள்.

1966-ல் விதியை மாற்றினார்கள். எந்தக் கருவி தன் விமானத்துக்குத் தொந்தரவு தராது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியது விமானக் கம்பெனியின் பொறுப்பு என்றார்கள். அந்த அமெரிக்க விதியில் இன்றைக்கும் சில கருவிகளுக்குத் தாராளமாக அனுமதி உண்டு: காது கேட்கும் கருவி, இதயத்துக்கான பேஸ்மேக்கர், குரலைப் பதிவு செய்யும் கருவி, மின்சார ஷேவிங் மெஷின்!

காது கருவி என்றதும் என் அம்மா நினைவு வருகிறது. விமானம் புறப்படும் சமயம், மின்னணுக் கருவிகளைப் பற்றி அறிவிப்பு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "ஏண்டி, எல்லாத்தையும் அணைக்கச் சொல்றாளே, நானும் காதுல இருக்கறதைக் கழட்டணுமா? கழட்டிட்டா அவ சொல்றது எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள். நியாயமான கேள்விதானே! காது கருவியைக் கழற்ற வேண்டாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாவம், சிலர் பயந்து கழற்றி வைத்துவிட்டு, முக்கியமான அறிவிப்பு எதுவும் காதில் விழாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

செல்போன் என்ன செய்கிறது?

செல்போன் ரேடியோவைப் போல் கேட்பதோடு நிற்பதில்லை, பேசவும் செய்கிறது. நாம் பேசாவிட்டாலும் அது அவ்வப்போது பக்கத்து டவரோடு தொடர்பு கொண்டபடியே இருக்கும். டவர் தூரத்தில் இருந்தால் பலமாகக் கூப்பிடும், கிட்டத்தில் இருந்தால் மெதுவாகக் கூப்பிடும். பக்கத்து அறைப் பிள்ளையையும் மாடிப் பிள்ளையையும் நாம் ஒரே குரலிலா அழைக்கிறோம்? அதே கதைதான். விமானம் மேலே போகப் போக, போன் தன் முழு சக்தியையும் போட்டு டவரைத் தேடுகிறது. ஃப்ளைட் மோடு போடாத போன் இறங்கும்போது சூடாகவும், பாட்டரி தீர்ந்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய மாடல் செல்போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு முன்பே ரேடியோவில் 'டிர்ர்... டிர்ர்...' என்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதே இரைச்சல் விமானியின் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனிலும் வரக்கூடும். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து 'இந்த உயரத்துக்கு இறங்கு' என்று சொல்லும் நேரத்தில் அது வந்தால் எப்படியிருக்கும்? ஒரு போனால் விமானம் விழுந்துவிடாதுதான். இன்றைய விமானங்களை இத்தகைய அலைகளைத் தாங்கும்படி கட்டிச் சோதிக்கிறார்கள். ஆனால் மேகமூட்டத்தில், கண்ணுக்குத் தரை தெரியாமல், கருவிகளையும் காதையும் மட்டும் நம்பி இறங்கும் மனிதருக்கு ஒரு சிறு தொல்லையைக்கூட நாம் ஏன் தர வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. தரையில் இருக்கும் போன் பக்கத்திலுள்ள ஒரு சில டவர்களைத்தான் எட்டும். ஆகாயத்தில் இருக்கும் போனுக்கு ஒரே நேரத்தில் ஏகப்பட்ட டவர்கள் தெரியும். அதனால் கீழே உள்ளவர்களின் தொடர்பு குழம்பும். இதைத் தடுக்கத்தான் 1991-ல் அமெரிக்கத் தகவல் தொடர்புத் துறை, பறக்கும் விமானத்தில் செல்போன் பேசக் கூடாது என்று விதித்தது.

பிறகு ஆராய்ச்சிகள் நடந்து, கட்டுப்பாடு மெல்லத் தளர்ந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்காவிலும், அதை ஒட்டி ஐரோப்பாவிலும், 2014-ல் நம் இந்தியாவிலும், சிறு கருவிகளை ஃப்ளைட் மோடில் வைத்துப் பயணம் முழுவதும் உபயோகிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அதாவது போன் டவரைத் தேடாது. ஆனால் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பிள்ளையின் போட்டோவைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். 2020-ல், விமானத்திலேயே வைஃபை வசதி இருந்தால் அதை உபயோகிக்க விமானி அனுமதி தரலாம் என்று நம் நாட்டு விதியும் திருத்தப்பட்டது. இந்திய வானில் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் போன பிறகுதான் வைஃபை என்பது 2024-ல் வந்த விதி.

இன்னொன்று. சில வெளிநாட்டு விமானங்களில் விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி டவர் இருக்கும். ஃப்ளைட் மோடு போடாத போன் தானாகவே அதோடு ஒட்டிக்கொள்ளும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மாமியார் போனைத் தொடாமல் கைப்பையில் போட்டுத் தூங்கிக்கொண்டு போனார். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த பில்லைப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது! விமானத்துக்காக இல்லாவிட்டாலும், நம் பர்ஸுக்காகவாவது ஃப்ளைட் மோடு அவசியம்.

உண்மையான ஆபத்து பாட்டரியில்!

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அலை, சமிக்ஞை எல்லாவற்றையும் விட இன்று விமானக் கம்பெனிகள் பயப்படுவது பாட்டரிக்குத்தான்.

செல்போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. சிறிய இடத்தில் நிறைய சக்தியை அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்தாலோ, அடிபட்டு நசுங்கினாலோ, மட்டமான தயாரிப்பாக இருந்தாலோ, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். ஒரு செல் சூடாகி, அந்தச் சூட்டில் அடுத்த செல் சூடாகி, சரவெடி போல் தொடரும். தீயை அணைத்தாலும், உள்ளே சூடு தணியாவிட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில் என்ன நடந்தது தெரியுமா? தலைக்கு மேலிருக்கும் பெட்டித் தட்டிலிருந்து புகை வந்தது. ஒரு பயணியின் பையில் இருந்த செல்போன்தான் புகைந்துகொண்டிருந்தது. பணியாளர்கள் தீயணைப்புக் கருவியால் அணைத்து, போனைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. யாரோ ஒருவர் சட்டென்று புகை நெடியைக் கவனித்துச் சொன்னதால் அல்லவா!

2025 ஜனவரி 28-ந் தேதி தென் கொரியாவில் பூசான் விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற விமானத்தில் தீப்பிடித்தது. அதிலிருந்த 176 பேரும் தப்பினார்கள். ஆனால் விமானத்தின் கூரை எரிந்து போயிற்று. மேல் தட்டிலிருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். நல்ல வேளை, விமானம் தரையில் நின்றது.

அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் விதிகள் இறுகிவிட்டன. பவர் பேங்கை மேல் தட்டில் வைக்கக் கூடாது என்றது கொரியா. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் முதல் எமிரேட்ஸும், விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் செய்யவும் கூடாது, பவர் பேங்குக்கு சார்ஜ் ஏற்றவும் கூடாது என்று சொல்லிவிட்டன. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் எடுத்ததும் அந்தக் கம்பெனியின் விதியை வீட்டுப் பிள்ளைகளிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லா இடத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: பவர் பேங்கும் தனியாக வைத்திருக்கும் உதிரி பாட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எடை போட்டு உள்ளே அனுப்பும் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. காரணம் எளிது. கைப்பையில் புகைந்தால் நாலு பேர் பார்த்து உடனே அணைக்கலாம். சாமான்கள் அடுக்கியிருக்கும் அடிப் பகுதியில் புகைந்தால் யார் போய்ப் பார்ப்பது?

அளவும் உண்டு. 100 வாட்-அவர் வரை கேள்வியில்லை. 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் கிடையவே கிடையாது. பவர் பேங்கில் வாட்-அவர் போடாமல் எம்.ஏ.ஹெச். மட்டும் போட்டிருந்தால் கணக்குப் போடுவது சுலபம். அந்த எண்ணை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட்-அவர். 20,000 என்றால் 74. ஏறத்தாழ 27,000 வந்தால் 100-ஐத் தொட்டுவிடும். எண்ணே அழிந்து போன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சோதனையில் பறித்துக்கொண்டால் வருத்தப்பட்டுப் பயனில்லை.

ஸீட் இடுக்கில் போன் விழுந்தால்...

இதைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். நான் பயணம் செய்த விமானத்தில், எங்கள் வரிசைக்கு எதிர்ப்புறம் ஓர் அம்மாளின் செல்போன் நழுவி, ஸீட் இடுக்கில் போய்விட்டது. அவர் குனிந்து தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஸீட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் வெளியே வந்துவிடும் என்று பொத்தானை அழுத்தப் போனார். விமானப் பணிப்பெண் ஓடி வந்து, "அம்மா, ஸீட்டை அசைக்காதீங்க! அப்படியே மெதுவா எழுந்து நில்லுங்க" என்றாள். பிறகு அவளே விளக்கு அடித்துப் பார்த்து, போனை வெளியே எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் கோபம். "என் போனை நான் எடுக்கறதுக்கு என்ன இவ்வளவு பதட்டம்?" என்று முணுமுணுத்தார். காரணம் இருக்கிறது. ஸீட்டுக்குக் கீழே இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் இருக்கின்றன. ஸீட் நகரும்போது போன் அதில் சிக்கினால், பாக்குவெட்டியில் பாக்கு போலத்தான். பாட்டரி நசுங்கிப் புகையும், தீயும் வரும். இப்படி நடந்தும் இருக்கிறது. ஆகவே போன் விழுந்தால் ஸீட்டைத் தொடாதீர்கள், பணியாளரைக் கூப்பிடுங்கள்.

போனோ பவர் பேங்கோ அதிகமாகச் சூடானாலும், உப்பினாலும், ஒரு மாதிரி நெடி வந்தாலும், மறைக்காமல் உடனே சொல்லுங்கள். கம்பளி போட்டு மூடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். ஐஸ் வைக்கவும் கூடாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதுதான் முறை. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் அவர்களே. நாம் விலகி வழி விட்டால் போதும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஏன் கெடுபிடி?

"போனைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், லேப்டாப்பை மட்டும் உள்ளே வை என்கிறார்களே?" என்று கேட்கலாம். இது அலை சம்பந்தப்பட்டதல்ல, எடை சம்பந்தப்பட்டது. விமானம் குலுங்கினால் லேப்டாப் கையை விட்டுப் பறந்து யார் மண்டையையாவது பதம் பார்க்கும். அவசரமாக வெளியேற வேண்டுமென்றால் காலில் தடுக்கும். பாதிக் கதவுகள் மூடியிருந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு மாடல் விமானத்துக்கு அனுமதி தருகிறார்கள். அந்த 90 விநாடியில் ஒவ்வொரு வயரும் ஒரு தடைக்கல்தான்.

2024 ஜனவரி 2-ந் தேதி டோக்கியோ ஹனேதா விமான நிலையத்தில் இறங்கிய பயணிகள் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. காவல் படை விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். ஆனால் பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டுக் குழந்தைகள் உட்பட! அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் வாய்க் குரலிலும் கத்திக் கத்தித்தான் வழி சொன்னார்கள். பயணிகள் மேல் தட்டுப் பைகளை எடுக்காமல் இறங்கினார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஏறும்போதும் இறங்கும்போதும் காதில் இயர்போன் வேண்டாம். யாராவது கத்தினால் காதில் விழ வேண்டும். அவசரம் என்றால் லேப்டாப்பும் வேண்டாம், நகைப் பையும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். போனில் இருக்கும் ஆயிரம் போட்டோவும் மடியில் இருக்கும் குழந்தைக்கு ஈடாகுமா?

இளம் தாய்மார்களுக்கு

நீண்ட பயணத்தில் குழந்தையை அமைதிப்படுத்த டேப்லெட்டைக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. குற்றம் சொல்லவில்லை, பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைப்பது லேசா? ஆனால் ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே முதல் மணியிலேயே டேப்லெட்டை நீட்டாதீர்கள். கதைப் புத்தகம், க்ரேயான், குழந்தை இதுவரை பார்க்காத ஒரு சின்ன பொம்மை, இவற்றை முதலில் எடுங்கள். டேப்லெட் கடைசி ஆயுதமாக இருக்கட்டும்.

ஹெட்போனில் ஜாக்கிரதை! விமானத்துக்குள் இரைச்சல் சுமார் 80 டெசிபல் இருக்கும். அதை மீறிக் கேட்பதற்காகக் குழந்தைகள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். சத்தத்தை 60 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் வைப்பது நல்லது. வெளி இரைச்சலைத் தடுக்கும்படி காதை நன்றாக மூடும் ஹெட்போன் என்றால் குறைந்த சத்தத்திலேயே கேட்கும்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரை தொடுவதற்குச் சுமார் அரை மணிக்கு முன்பே, ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குழந்தையை விழிக்க வையுங்கள். அப்போது காற்றழுத்தம் மாறுவதால் காது வலிக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெரிய குழந்தைக்குத் தண்ணீரோ, மெல்லுவதற்கு ஏதாவதோ கொடுங்கள். விழுங்கும்போது காது அடைப்பு நீங்கும்.

வீட்டுப் பெரியவருக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், செல்போனைச் சட்டையின் மார்புப் பையில் வைக்க விடாதீர்கள். ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனையில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

புறப்படும் முன் ஒரு சரிபார்ப்பு

* பவர் பேங்க், உதிரி பாட்டரி கைப்பையில். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பையில். சாவி, சில்லறை, ஹேர்பின் அதன் பக்கமே வரக் கூடாது.

* உப்பிய, கீறிய, கீழே விழுந்து அடிபட்ட பாட்டரி எதுவும் பயணத்துக்கு வேண்டாம்.

* கடைசி நிமிஷத்தில் 'இடமில்லை' என்று நம் கைப்பெட்டியையும் வாங்கி அடியில் அனுப்புவார்கள். கொடுக்கும் முன் பவர் பேங்கை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். மாத்திரையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துத்தான்!

* மின்சாரத் தாய்ப்பால் பம்ப் எடுத்துப் போகிறவர்கள், அதிலும் பாட்டரி உண்டு என்பதை நினைவில் வைத்துக் கைப்பையிலேயே வையுங்கள்.

* குழந்தைக்கான பாட்டையும் படத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட் மோடு போடுவதை வீட்டிலேயே இரண்டு தடவை பழகிவிடுங்கள்.

* அழைக்க வருகிறவரின் போன் நம்பர், போகும் வீட்டு விலாசம் இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போன் உயிரை விட்டாலும் காகிதம் கைகொடுக்கும்.

கேஸ் சிலிண்டரை மூடாமல் நாம் யாராவது தூங்கப் போகிறோமா? அதற்காக கேஸ் அடுப்பைக் கண்டு பயந்து விறகுக்கும் போவதில்லை. செல்போனும் அப்படித்தான். முறை தெரிந்து கையாண்டால் நல்ல துணை. முதல் தடவையாக விமானம் ஏறப் போகும் அக்காவோ, தங்கையோ, மாமியோ உங்கள் தெருவில் இருந்தால், ஊறுகாய் கட்டிக் கொடுக்கும்போதே இந்த நாலு விஷயத்தையும் காதில் போட்டு அனுப்புங்கள்.